கல் மேல் வைத்த விளக்கு

படகு கரையை விட்ட பிறகும் கோட்டம்மாவின் நாக்கு நுனியில் ஒரு பேச்சு உட்கார்ந்திருந்தது. “என்னங்க, இதுதான் கடைசி. இனிமே நான் வர மாட்டேன்.” இவ்வளவுதான் அது. சொல்ல ஒரு மூச்சு போதும். வீட்டில் பெட்டி கட்டும்போது சொல்லலாம் என்று இருந்தாள், பெட்டி கட்டியாயிற்று. விமானத்தில் சொல்லலாம் என்று இருந்தாள், அவர் தூங்கிவிட்டார். இப்போது படகின் என்ஜின் போடுகிற கூச்சலில் தன் பேச்சு தனக்கே கேட்காது என்று ஒரு சாக்கு கிடைத்திருந்தது. மனசுக்குள் ஒத்திகை பார்த்துப் பார்த்தே அந்தப் பேச்சு பாதி தேய்ந்துவிட்டது.

கோட்டம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவள் கணவர் ஆறு, காடு, குகை என்று சுற்றிப் படம் எடுப்பவர்; பயண இதழ்களுக்கும் நாள்காட்டிகளுக்கும் கொடுப்பவர். ஊரையே விழுங்கும் குகையானாலும் பக்கத்தில் ஒரு மனித உருவம் நின்றால்தான் படத்தில் அதன் பெரிது தெரியும். ஆள் இல்லாத குகை படத்தில் எலிவளை மாதிரிதான் இருக்கும். அதற்காகக் கல்யாணமான புதிதில் ஒரு நாள், “சும்மா அங்க போய் நில்லு” என்று ஒரு சிவப்பு மழைக்கோட்டை மாட்டி அனுப்பினார். போய் நின்றவள்தான். மகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்கும் போய்விட்டாள். இவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். கோட்டுதான் கிழியக் கிழிய மாறியது. பயண இதழ் அலுவலகத்தில் யாரோ விளையாட்டாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

அதிலும் எப்போதும் முதுகுதான். முகம் தெரிந்தால் பார்க்கிறவன் கண் குகையை விட்டுவிட்டு முகத்துக்குப் போய்விடும் என்பது கேமராக்காரரின் சித்தாந்தம். அதனால் அவள் முதுகை ஊர் உலகமெல்லாம் பார்த்திருக்கிறது; முகத்தைப் பால்காரன்தான் பார்த்திருக்கிறான். ஒருமுறை வங்கியில், தன் முதுகு போட்ட நாள்காட்டிக்கு அடியிலேயே வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் நின்றவர், “அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்தை மறைக்கறீங்க” என்றார். தள்ளித்தான் நின்றாள்.

அசையாமல் நிற்பது சும்மா நிற்பது என்று நினைப்பவர்கள் ஒரு முறை நின்று பார்க்கட்டும். குகை இருட்டில் கேமரா அரை நிமிஷம், சில சமயம் அதற்கும் மேலே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வெளிச்சம் குடிக்கும். அதுவரை கையில் பிடித்த விளக்கு ஒரு நூல் கூட நகரக் கூடாது. மூச்சை இழுத்து விட்டால் ஆவி தெரியும் என்பதால் அதையும் அடக்க வேண்டும். மேலிருந்து வௌவால் தன் கைங்கரியத்தைத் தோளில் செய்யும். அட்டை கணுக்காலில் ஏறிக் குடும்பம் நடத்தும். எதற்கும் அசையக் கூடாது. அந்த நேரத்தில் அவள் மனசுக்குள் தன் சமையலறை அலமாரியைத் தட்டுத் தட்டாகத் துடைத்து அடுக்குவாள். அப்படி எத்தனையோ நாட்டுக் குகைகளில் நின்று அந்த அலமாரியைத் துடைத்திருக்கிறாள். நிஜ அலமாரிதான் தூசி பிடித்துக் கிடந்தது.

இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அது முதலில் முனகியது, அப்புறம் பேசியது, இந்த வருஷம் கத்தவே ஆரம்பித்துவிட்டது. முழங்கால் மட்டுமா? ஈரம் காயாத துணி, பூஞ்சை வாசம் அடிக்கும் தலையணை, விடிவதற்கு முன் மாட்டிக்கொள்ளும் நனைந்த ஷூ, எல்லாமே போதும் போதும் என்றாகிவிட்டது. வீட்டில் காய்ந்த தரையில் காலை நீட்டி உட்கார வேண்டும். வேறு ஆசை இல்லை அவளுக்கு.

அப்படியானால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். அதில் ஒரு சிக்கல் இருந்தது. கேமராக்காரர் ஆளைப் புகழ்கிற சாதி அல்ல. ஆனால் ஒரு தடவை இதழாசிரியரிடம், “இவ நிக்கற மாதிரி மரம்கூட நிக்காது சார்” என்று சொன்னார். அவள் பக்கத்து அறையில் இருந்தாள், காதில் விழுந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அதுதான். அதை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை காலம் காலத்தை ஓட்டினாள். அந்த மனுஷரிடம் போய் இனி நிற்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஆறு பழுப்பாக, வேகம் இல்லாமல், இரண்டு பக்கமும் மரச் சுவருக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் மேல் பனிப்புகை மிதந்தது. கேமராக்காரர் படகின் மூக்கில் மண்டியிட்டு அதை எடுத்தார். எடுத்து முடித்து லென்ஸுக்கு மூடி போடப் போனவர் கையிலிருந்து மூடி நழுவி ஆற்றில் விழுந்தது.

“படகை ஏம்ப்பா இப்படி ஆட்டற?” என்று பின்னால் திரும்பிக் கத்தினார்.

படகோட்டியும் தமிழ் பேசுகிறவன்தான், ரோஷம் வந்துவிட்டது. “தண்ணி தட்டுல ஊத்தின மாதிரி கிடக்கு சார். படகு எங்க ஆடுது?”

“அப்ப உன் என்ஜின் ஆடுது.”

“என்ஜின் ஆடலன்னா நாம எல்லாரும் இங்கயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்,” என்றான் படகோட்டி. கோட்டம்மா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

விடுதி ஆற்றோரத்தில் மரக்கால்கள் மேல் நின்றது. பலகைத் தரை, கொசுவலை, கத்தாமல் சுற்றத் தெரியாத ஒரு மின்விசிறி. அறைக்குள் நுழைந்ததும் கேமராக்காரர் முதல் காரியமாகக் கேமராப் பெட்டியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றி வைத்தார். மனைவி ஈரத்தில் ஊறலாம், லென்ஸ் ஊறக் கூடாது. இதை அவள் ஒரு காலத்தில் சண்டையாகச் சொன்னாள்; அப்புறம் ஜோக்காகச் சொன்னாள்; இப்போது சொல்வதே இல்லை.

மறுநாள் காலை பக்கத்திலிருந்த சின்னக் குகைக்குப் போனார்கள். பெரிய குகைக்கு முன்னால் கை பழகிக்கொள்ள அதை வைத்திருந்தார். சின்னது என்றாலும் உள்ளே ஒரு திருப்பம் திரும்பியதும் கண்ணைத் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றுதான் என்கிற இருட்டு. அவர் ட்ரைபாடை நட்டார். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, தடுமாறித் தடுமாறிப் பாறைகளில் ஏறிப் போய் மறு கோடியில் நின்றாள்.

படம் எடுப்பதற்கு முன் ஃபோகஸ் பிடிக்க வேண்டும். இருட்டில் அதற்கு ஒரே வழி, அவள் கையிலிருக்கும் விளக்குதான். கேமராவின் திரையில் அந்த ஒளிப்புள்ளியைப் பல மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு, லென்ஸின் வளையத்தைத் திருகித் திருகி, புள்ளி கூராகும் இடத்தில் அவர் நிறுத்துவார். எப்போதும் அப்படித்தான். இந்த முறை மட்டும் அவள் ஒரு காரியம் செய்தாள். முழங்கால் கத்துகிற கத்தலில் கையை வேறு தூக்கிப் பிடிக்க முடியவில்லை. தோள் உயரத்தில் மேடை மாதிரி ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. விளக்கை அதன் மேல் வைத்துவிட்டு, அவளே பிடித்திருப்பது போலக் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். படத்துக்குக் கையில் எடுத்துக்கொண்டால் போகிறது, ஃபோகஸுக்கு எதுவானால் என்ன? கேமராக்காரருக்குத் தெரிந்தால் தாம்தூம் என்று குதிப்பார். தெரிந்தால்தானே?

“விளக்க ஆட்டாத!” என்று அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது.

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. கல் ஆடுகிறதாம்.

“ஆட்டாதன்னு சொன்னா கேக்கமாட்டியா? கையை உடம்போட ஒட்டி வையி.”

“சரிங்க.”

“இன்னும் ஆடுது. என்னம்மா ஆச்சு உனக்கு?”

அவள் விளக்கைப் பார்த்தாள். அது கல் மேல் கல்லோடு கல்லாக இருந்தது. அதன் வெளிச்சத்தில் ஒரு பூச்சி கூடப் பறக்கவில்லை. சிரிப்பு எங்கோ போய்விட்டது. திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒற்றைப் புள்ளி. புள்ளி ஆடுகிறதா, அதைப் பெரிதாக்கிப் பார்க்கும் கேமரா ஆடுகிறதா என்று அங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் கிடையாது. கேமராவோ ட்ரைபாடில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரே ஒரு பொருள்தான். வளையத்தைத் திருகும் அவருடைய வலது கை.

அதற்கப்புறம் வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சட்டைப் பொத்தான் போட அவர் எடுத்துக்கொள்ளும் நேரம். பொத்தான் ஓட்டையைச் சின்னதாகத் தைத்துவிட்டான் என்று தையல்காரனைத் திட்டினார். தேநீர் தட்டில் சிந்துவது. கோப்பையை நிறைத்து ஊற்றுகிறாய் என்று இவளைத் திட்டினார். காரில் போனால் சாலை, ஆற்றில் போனால் படகு. குற்றவாளிக்குப் பஞ்சமே இல்லாத வீடு. அவளும் பக்கத்திலேயே இருந்துகொண்டு, தையல்காரன் கை சரியில்லை என்று ஒத்து ஊதியிருக்கிறாள். நின்ற இடத்திலேயே பயந்துபோனாள். பயம் என்றால் வேறு எதுவும் கலக்காத சுத்தமான பயம்.

அன்று எடுத்த படங்களை மாலையில் விடுதி அறையில் போட்டுப் பார்த்தார். எல்லாமே கொஞ்சம் மங்கல்.

“பாறையெல்லாம் மசமசன்னு இருக்கு பாரு,” என்றார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பாட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அவள் அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் அவர் கேமராவை மூடி வைத்துவிட்டுக் கட்டிலில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “உன் கையைக் குடு.”

கொடுத்தாள். அவர் இரண்டு கைக்கும் நடுவில் அதை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் கை நடுங்கியது. அதற்குள் இருந்த அவள் கையும் சேர்ந்து நடுங்கியது.

“பாத்தியா?” என்றார் மெதுவாக. “ஆடுது பாரு. எத்தனை நாளா இருக்கு? எங்கிட்ட ஏன் சொல்லல?”

கையை உருவிக் காற்றில் நீட்டிக் காட்டினால் ஒரு நொடியில் விவகாரம் தீர்ந்துவிடும். அந்தக் கை மரம் மாதிரி நிற்கும். மரத்தைவிட நன்றாகவே நிற்கும். அவள் உருவவில்லை.

“கொஞ்ச நாளாத்தான்,” என்றாள்.

“நான் ஒரு மடையன். உன்னைக் காடு மேடெல்லாம் இழுத்துட்டுத் திரிஞ்சேன். போதும்மா. இந்தப் பயணத்தோட எல்லாத்தையும் மூட்டை கட்டிடலாம். ஊருக்குப் போய் முதல்ல டாக்டரைப் பாப்போம். குகை எங்க போகப்போகுது? வேற யாராவது எடுத்துக்கட்டும்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பாத்திரத்தில் விழுந்த சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. வீட்டிலிருந்து இதுவரை நாக்கில் சுமந்துவந்த பேச்சை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். ஒரு நிமிஷம் அவள் சந்தோஷப்பட்டாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காய்ந்த தரை கண்ணுக்குத் தெரிந்தது. நீட்டிய கால் தெரிந்தது. அடுத்த நிமிஷமே தன் மேல் அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அவர் இன்னும் அவள் கையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆடுகிற கை ஆடாத கையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தது.

சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. இந்த மனுஷருக்குக் கைதான் எல்லாம். அது போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? தனக்கே நோய் என்று இருந்துவிட்டுப் போகட்டும், ஊர் போய்ச் சேரும்வரையாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தாள். பாக்கெட் நூடுல்ஸை வேக வைத்துத் தின்றுவிட்டுப் படுத்தார்கள். அவர் ஒரு நாளும் இல்லாத திருநாளாகப் போர்வையை இழுத்து அவளுக்குப் போர்த்திவிட்டார்.

காலையில் படகுத்துறையில் நின்று மகளைக் கூப்பிட்டார். அந்த ஒரு இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். “அம்மாவுக்குக் கை நடுங்குதும்மா. ஆமா, நானே பாத்தேன். நல்ல டாக்டரா பாத்து வையி... இரு, அவகிட்டயே குடுக்கறேன்.”

“அம்மா, நிஜமாவா?” என்றாள் மகள். “எந்தக் கை? வலியும் இருக்கா? அப்பா இதெல்லாம் கவனிச்சாரா? அதுவே எனக்கு ஆச்சரியமா இருக்கு.”

“லேசாத்தான். நீ பயப்படாத.”

“இனிமே எந்தக் காட்டுக்கும் போக வேணாம். சொல்லிட்டேன். டாக்டர்கிட்ட இன்னிக்கே பேசறேன்.”

“சரி,” என்றாள் கோட்டம்மா. ஒரு பொய்யைப் போர்த்திக்கொண்டால் அதற்குப் பட்டன் போடவும் இன்னொரு பொய் வேண்டியிருக்கிறது.

பெரிய குகைக்குப் படகில் பாதித் தூரம், நடையில் மீதி. படகோட்டி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். பாசி பிடித்த மரப்படிகளில் கேமராக்காரர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே ஏறினார். யார் யாரைப் பிடித்துக்கொண்டு போகிறோம் என்று அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. உள்ளே போனதும் படகோட்டி பெட்டியை இறக்கிவிட்டு, “நான் வெளிய இருக்கேன் சார், எனக்கு வௌவால்னாலே ஆகாது” என்று நழுவினான்.

குகை பெரியதுதான். அதில் சந்தேகம் இல்லை. கூரை எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. உச்சியில் ஒரு பொத்தல் வழியாக வெளிச்சம் தூண் மாதிரி இறங்கி நின்றது. அதைச் சுற்றிப் பறந்த பறவைகள் தூசி போலத் தெரிந்தன. இதழாசிரியர் கேட்டிருந்த படம் இதுதான். தூணுக்கு அப்பால், இருட்டின் ஓரத்தில், சிவப்புக் கோட்டும் ஒரு விளக்கும்.

அவள் கோட்டை எடுத்தாள். கேமராக்காரர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“இன்னிக்கு நான் நிக்கறேன்.”

“எதுக்குங்க? நானே நிக்கறேன்.”

“கை ஆடறவ விளக்குப் பிடிச்சா வெளிச்சம் கோலம் போடும். கேமராவுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. ட்ரைபாட் பிடிச்சுக்கும், நீ ரிமோட்டை அழுத்தினா போதும். உன் கை எப்படி ஆடினாலும் படத்துக்கு ஒண்ணும் ஆகாது.” சொல்லிவிட்டு, தன் யோசனை தனக்கே பிடித்துப்போனது போல ஒரு தலையாட்டல்.

கணக்குப்படி பார்த்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவளிடம் மறுத்துப் பேச ஒன்றுமே இல்லை. உண்மை ஒன்றைத் தவிர. அதைத்தான் நேற்று அவளே விழுங்கிவிட்டாளே.

கோட்டு அவருக்குக் குட்டை. கை பாதியில் நின்றது. விளக்கை எடுத்துக்கொண்டு பாறைகளின் மேல் நிதானமாகப் போனார். அவள் இதற்கு முன் அந்தக் கோட்டைப் பின்னாலிருந்து நேரில் பார்த்ததே இல்லை. இவ்வளவு பெரிய இடத்தில் ஒரு முதுகு எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது! இவர் இத்தனை வருஷமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா? கொஞ்சம்கூடப் பயமாக இருந்திருக்காதா அவருக்கு?

“ஃபோகஸ் பிடி!” என்று குரல் வந்தது.

பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்தே அவளுக்கு எல்லாம் அத்துப்படி. ஒளிப்புள்ளியைத் திரையில் பெரிதாக்கினாள். கேமராவிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். புள்ளி துள்ளியது. ஓரிடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டே இருந்தது.

“ஆடுதா?” என்றார் அவர். வழக்கத்தைவிடக் குரல் கொஞ்சம் சத்தமாக வந்தது.

“இல்லங்க. சரியா இருக்கு.”

புள்ளிக்குப் பக்கத்தில், அதன் வெளிச்சம் விழுந்த பாறையின் விளிம்பில் ஃபோகஸ் வைத்தாள். ரிமோட்டை அழுத்தினாள். கேமரா கண்ணைத் திறந்துகொண்டது. அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, அந்தக் கோடியில் நின்ற நாட்களில்கூட அது இவ்வளவு நீண்டதில்லை. அலமாரியைத் துடைக்கவும் தோன்றவில்லை. அவர் நிற்கிற நிற்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவம், எவ்வளவு முயற்சி செய்து நின்றார்! தோளை இறுக்கி, காலை அகட்டி, மூச்சை அடக்கி. கையைத் தவிர எல்லாம் அவர் சொன்ன பேச்சைக் கேட்டது.

கண் மூடியது. திரையில் படம் வந்தது.

பாறையின் ஒவ்வொரு வரியும் தெளிவாக இருந்தது. வெளிச்சத் தூண் தூணாக இருந்தது. சிவப்புக் கோட்டு இருந்தது. அதன் கையிருந்த இடத்தில் மட்டும் விளக்கு இல்லை. சிக்கலெடுக்க முடியாத நூல்கண்டு மாதிரி, வெள்ளை வெள்ளையாக ஒரு கிறுக்கல் இருந்தது. அரை நிமிஷம் அவர் கை செய்ததையெல்லாம் கேமரா ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தது.

அவர் பாறைகளில் இறங்கி வந்துகொண்டிருந்தார். அவள் அவசரமாக அழிக்கும் பொத்தானைத் தேடி அழுத்தினாள். நிஜமாகவே அழிக்கவா என்று கேமரா கேட்டது. ஆமாம் என்று அழுத்த வேண்டும். ஒரு விரல் வேலை. ஆனால் அழித்துவிட்டால் இன்னொன்று எடுப்போம் என்பார். அதிலும் இதுவே வரும். அதையும் அழித்தால்? பொத்தான் மேல் விரலை வைத்தபடி நின்றுவிட்டாள்.

“காட்டு,” என்று பக்கத்தில் வந்து நின்றார்.

“சரியா வரலங்க. நான் ட்ரைபாட்ல இடிச்சுட்டேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். சோறு பரிமாறுகிறவரிடமே மறைக்க முடியுமா? அவர் அவள் விரலை நகர்த்திவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினார். முதலில் பாறையைப் பார்த்தார். தொழில் புத்தி, எப்போதும் ஃபோகஸைத்தான் முதலில் பார்க்கும். அப்புறம் கோட்டு. அப்புறம் அந்தக் கிறுக்கல். அதை இன்னும் பெரிதாக்கினார். மேலே பறவைகள் கத்திக்கொண்டிருந்தன.

“ட்ரைபாட் இடிச்சிருந்தா பாறையும் சேர்ந்துல்ல ஆடியிருக்கும்?” என்றார்.

அவள் ரிமோட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“நேத்து அந்தச் சின்னக் குகையில... விளக்கைக் கையிலதான் வச்சிருந்தியா?”

“கல்லு மேல வச்சிருந்தேன்.”

“கல்லு மேலயா?”

“முட்டி வலிச்சுது.”

அவர் கேமராப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை. வலது கையை மடியில் போட்டு, அது யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன பொருள் மாதிரி அதையே பார்த்தார். அது அவர் பார்க்கப் பார்க்க ஆடியது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், “அந்தத் தையல்காரனைப் போட்டுத் திட்டினேனே,” என்றார்.

கோட்டம்மா ஈரத் தரையிலேயே அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருப்பது பெரிய பாடு என்று தெரிந்தும் உட்கார்ந்தாள்.

“பொண்ணுகிட்ட நான்தான் சொல்லணும்,” என்றார் அவர்.

“சிக்னல் கிடைக்கட்டும். சொல்லலாம்.”

“ஃபோகஸ் நீயா பிடிச்ச?”

“ஆமா.”

“ஊசி மாதிரி இருக்கு,” என்றார். அவருடைய இரண்டாவது பாராட்டு. அது இப்படியா வர வேண்டும் என்று அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

உச்சிப் பொத்தலின் வெளிச்சம் மெல்லச் சாயத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தூண் இருக்காது, படமும் இருக்காது. அவர் அதை அண்ணாந்து பார்த்தார். அவள் அவர் பார்ப்பதைப் பார்த்தாள். பிறகு அவர் தோளைப் பிடித்து எழுந்து, கோட்டின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அவர் கையிலிருந்து உருவித் தான் மாட்டிக்கொண்டாள். உள்ளே அவருடைய சூடு இருந்தது.

“ஃபோகஸைத் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும். அழுத்தினா மட்டும் போதும்.”

“உன் முட்டி?”

“வலிக்கத்தான் வலிக்குது.”

விளக்கை எடுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு பாறையும் முழங்காலில் ஏறி இறங்கியது. அவர் நின்ற இடத்திலேயே போய், வழக்கம் போல அவருக்கு முதுகைக் காட்டி நின்று, விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். பின்னால் கேமரா கண்ணைத் திறக்கும் சத்தம் சின்னதாகக் கேட்டது.

அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வந்தது. முகத்தைத் துடைக்க முடியாது, அசையக் கூடாது. கண்ணீர் கன்னத்தில் இறங்கிக் கழுத்துக்குள் போனது. எத்தனையோ குகைகளில் வௌவாலுக்கும் அட்டைக்கும் அசையாத கை, இப்போது விளக்கோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடியது. இடது கையால் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் சேர்ந்து ஆடின. வெளிச்சம் எதிரில் இருந்த பாறையெல்லாம் அலைந்தது.

அவர் அங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பார்த்தால் தெரியாமல் இருக்காது. பின்னாலிருந்து அந்தக் குரல் வரும் என்று அவள் காத்துக்கொண்டே நின்றாள்.

அரை நிமிஷமும் போயிற்று. அன்றைக்கு அவர், ஆட்டாத என்று சொல்லவே இல்லை.